கையடக்க ஜிபிஎஸ் சிக்னலை எது தடுக்கும், எது தடுக்காது: கேள்வி பதில்

பை, கவர், கண்ணாடி, கூரை, மரம், மழை என்று கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்களில் டெசிபெல் என்ற அளவு அடிக்கடி வரும். 3 டெசிபெல் குறைந்தால் சிக்னல் பாதியாகிவிட்டது என்று பொருள். 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்குதான் மிச்சம். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: நடைப்பயணத்தில் கருவியை முதுகுப்பையின் மேல் மூடிக்குள் வைத்தால் தடம் சரியாகப் பதிகிறது. சட்டைப் பையில் வைத்தால் கோடு அங்குமிங்கும் ஓடுகிறது. சட்டைத் துணி அவ்வளவு தடுக்குமா?

பதில்: துணியால் ஒன்றும் ஆகாது, தடுப்பது உங்கள் உடம்பு. பருத்தி, நைலான், பாலியெஸ்டர் எதுவானாலும் உலர்ந்திருக்கும் வரை ஜிபிஎஸ்ஸுக்கு அது இல்லாத மாதிரிதான்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மற்ற கேள்விகளுக்கும் இதுதான் அடிப்படை. செயற்கைக்கோள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து கிளம்பும் சிக்னல் நம் கைக்கு வரும்போது அதன் சக்தியை வாட்டில் எழுதினால், புள்ளிக்குப் பின்னால் 15 பூஜ்யம் போட்டு அப்புறம் ஒரு 1 போட வேண்டும். சுற்றியுள்ள இயல்பான மின் இரைச்சலை விடவும் அது பலவீனம். 1023 துண்டுகள் கொண்ட ஒரு குறியீடு நொடிக்கு ஆயிரம் முறை திரும்பத் திரும்ப வருவதால், அந்தக் குறியீடு முன்பே தெரிந்த ரிசீவர் இரைச்சலுக்குள்ளிருந்து அதைத் தேடி எடுத்துவிடுகிறது. அதனால் இழப்பதற்கு நம்மிடம் அதிகம் இல்லை.

பொதுவாகப் பயன்படும் எல்1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 19 சென்டிமீட்டர். இந்த அலைக்குப் பெரிய எதிரிகள் இரண்டு: உலோகம், தண்ணீர். உலோகம் திருப்பி அனுப்பிவிடும், தண்ணீர் கொஞ்சம் திருப்பி அனுப்பி மிச்சத்தை உறிஞ்சிவிடும். மனித உடம்பில் பெரும்பகுதி உப்பு கலந்த தண்ணீர். நெஞ்சோடு ஒட்டி வைத்த கருவிக்கு முதுகுப் பக்கம் இருக்கும் வானம் முழுக்க மறைந்துவிடுகிறது, அந்தப் பக்கச் செயற்கைக்கோள்களின் சிக்னல் 10, 20 டெசிபெல் சுலபமாகக் குறையும். மேல் மூடியிலோ தோள்பட்டை வாரின் உச்சியிலோ வைத்தால் இரண்டு பக்க வானமும் கிடைக்கிறது. ஆனால் மூடிக்கு அடியில் எஃகு பாட்டில் நிமிர்ந்து நிற்கிறதா, தண்ணீர்ப் பை இருக்கிறதா என்று பாருங்கள். கருவி அவற்றுக்கு மேலே இருந்தால் தொல்லை குறைவு, பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு பக்க வானம் போய்விடும்.

கேள்வி: படுக்கை வசமாகப் பிடிக்க வேண்டுமா, செங்குத்தாகவா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: உள்ளே இருக்கும் ஆன்டெனாவைப் பொறுத்தது, அதனால் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். சதுரப் பீங்கான் தகடு போன்ற ஆன்டெனா என்றால் திரை வானத்தைப் பார்க்கும்படி படுக்க வைப்பது நல்லது. கார்மின் ஈட்ரெக்ஸ் 10, 20, 30 இந்த வகை. தலையில் குட்டையாக ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ்மேப் 64 போன்றவற்றில் சுருள் ஆன்டெனா, அதை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும்.

செல்போனில் இரண்டுமே கிடையாது. விளிம்புச் சட்டத்தின் ஒரு துண்டுதான் பெரும்பாலும் ஆன்டெனா, பல போன்களில் மேல் விளிம்பை ஒட்டி இருக்கும். ஜிபிஎஸ் அலை சுழன்றபடி வருவது, போன் ஆன்டெனா ஒரே திசையில் மட்டும் வாங்குவது, அதனால் எதுவுமே தடுக்காத இடத்தில் கூட பாதி சக்தி போய்விடுகிறது. போனை அகலவாக்கில் இரண்டு கையாலும் பிடித்து விளையாடுவது போல் பிடித்தால் அந்த விளிம்பு உள்ளங்கைக்குள் போய்விடும். செயற்கைக்கோள்களின் சிக்னல் எண்களைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்துகொண்டு திறந்தவெளியில் நின்று மேல் விளிம்பைக் கையால் மூடிப் பாருங்கள். 40க்குப் பக்கத்தில் நின்ற எண்கள் (இவையும் டெசிபெல் கணக்குதான்) சில நொடிகளில் சரியும். கையை எடுத்தால் திரும்ப ஏறும். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் போனைப் பிடிக்கும் விதமே மாறிவிடுகிறது.

கேள்வி: போன் கவரில் காந்தம் இருக்கிறது. ஜிபிஎஸ் கெடுமா?

பதில்: காந்தத்தால் ஜிபிஎஸ் கெடாது. திசைகாட்டி கெடும். வரைபடத்தில் நீல அம்பு தப்பான பக்கம் பார்ப்பது அதனால்தான், அம்பு இருக்கும் இடம் சரியாகவே இருக்கும். காந்த ஸ்டாண்டுக்காக ஒட்டும் இரும்புத் தகடுதான் கவனிக்க வேண்டியது, அது ஆன்டெனா இருக்கும் விளிம்பை மூடினால் சிக்னல் குறையும், நடு முதுகில் இருந்தால் பெரிதாகத் தெரியாது. ரப்பர், பிளாஸ்டிக், சிலிக்கோன், உலர்ந்த தோல் எல்லாம் பயமில்லை. அலுமினியக் கவர் வேண்டாம். அசல் கார்பன் ஃபைபர் கவரும் வேண்டாம், அது பார்க்க பிளாஸ்டிக் மாதிரி இருந்தாலும் மின்சாரம் கடத்தும் பொருள். கண்ணாடி இழை, கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழை இரண்டும் கடத்தாது, தாராளமாகப் போடலாம்.

கேள்வி: ஒரு காரில் டாஷ்போர்டில் வைத்தால் உடனே பிடிக்கிறது, இன்னொரு காரில் பிடிப்பதே இல்லை. இரண்டிலும் கண்ணாடி கண்ணாடிதானே?

பதில்: சாதாரணக் கண்ணாடி ஒன்றிரண்டு டெசிபெல்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது காரின் முன் கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பூச்சுதான், ஆனாலும் அது மின்சாரம் கடத்துகிறது, ஜிபிஎஸ்ஸுக்கு அது போதும். அப்படிப்பட்ட கண்ணாடிகளில் பூச்சு இல்லாத சிறிய பகுதி ஒன்றை, பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் உள்கண்ணாடிக்கு அருகே விட்டிருப்பார்கள், சுங்கச்சாவடி அட்டை போன்றவை வேலை செய்வதற்காக. கருவியை அங்கே ஒட்டிப் பாருங்கள். கார் வாங்கிய பிறகு ஒட்டிய கறுப்பு ஃபிலிமில் உலோகத் துகள் கலந்திருந்தாலும் இதே கதைதான். சாயம் மட்டும் இருக்கும் ஃபிலிம் தடுக்காது.

புதிய கட்டிடங்களின் ஜன்னல்களிலும் இந்தப் பூச்சு உண்டு. 20 முதல் 30 டெசிபெல் வரை போகும். ஜன்னலோரம் நின்றும் சிக்னல் இல்லை என்று எழுதிய மூன்று பேருக்கும் இதுதான் பதில், கதவைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: எந்தக் கூரைக்கு அடியில் வேலை செய்யும்?

பதில்: கூடாரத் துணி, ஓலை, உலர்ந்த மெல்லிய பலகை: வேலை செய்யும். ஓடு: பெரும்பாலும் செய்யும், மழையில் ஊறியிருந்தால் கொஞ்சம் குறையும். தகரம்: மேலிருந்து எதுவும் வராது, பக்கவாட்டுத் திறப்பு வழியாக வருவது மட்டும்தான். கான்கிரீட்: ஒரு சாண் தடிப்பு என்றாலே 20 டெசிபெலைத் தாண்டலாம், உள்ளே கம்பி வேறு. செங்கல் சுவர் கான்கிரீட்டை விட எவ்வளவோ மேல். பளபளப்பான அவசரகாலப் போர்வை, உள்பக்கம் வெள்ளிப்பூச்சுள்ள உணவுப் பை, இவற்றுக்குள் வைத்தால் தகரப் பெட்டிக்குள் வைத்ததாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜன்னல் கம்பி, கோழி வலை இவற்றில்தான் இடைவெளி இருக்கிறதே, அலை நுழைந்துவிடாதா?

பதில்: இடைவெளியின் அளவை 19 சென்டிமீட்டரோடு ஒப்பிட வேண்டும். ஒரு சென்டிமீட்டர் ஓட்டை உள்ள உலோக வலை இந்த அலைக்கு ஏறக்குறைய சுவர்தான், காற்று போகும், ஜிபிஎஸ் போகாது. அரை அலைநீளம், அதாவது ஒன்பது பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் ஓரளவு நுழையும். நைலான் கொசுவலை எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் பிரச்சினை இல்லை. கம்பிக் கொசுவலை என்றால் பிரச்சினை.

கேள்வி: மழை, மேகம்?

பதில்: கனமழையிலும் அரை டெசிபெல் கூடக் குறையாது. இந்த அலைநீளத்துக்கு மழைத்துளி மிகச் சிறியது. மழை நாளில் கெடுவதற்குக் காரணம் வேறு: நனைந்த இலைகள், நனைந்த சட்டை, கருவியின் தலையில் தேங்கிய நீர்ப்படலம். அடர்ந்த காட்டில் உலர்ந்த இலைகளை விட ஈர இலைகள் அதிகம் உறிஞ்சும், தடித்த அடிமரம் இன்னும் மோசம். மழை விட்ட பிறகும் மரத்தடியில் சிக்னல் மந்தமாக இருப்பது இதனால்தான். கருவியைத் துடைத்துவிட்டு, நாலு அடி தள்ளி, இலைக்கூரையில் இடைவெளி தெரியும் இடத்தில் நில்லுங்கள்.

கேள்வி: நீச்சலின்போது தடம் பதிய முடியுமா?

பதில்: கை தண்ணீருக்கு மேலே வரும் கணங்களில் மட்டும். நல்ல தண்ணீரில் மேற்பரப்பிலேயே சில டெசிபெல் போய், அதற்குப் பிறகு ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சுமார் ஒரு டெசிபெல் போகும். கடல் தண்ணீரில் ஒரு சென்டிமீட்டருக்கே எட்டு, ஒன்பது டெசிபெல் போய்விடும், இரண்டு மூன்று விரல் ஆழத்தில் எதுவும் மிஞ்சாது. நீச்சல் தொப்பிக்குள், தலையின் பின்பக்கம் வைப்பவர்களுக்குத் தடம் நன்றாக வருகிறது.

கேள்வி: வெளியே ஆன் செய்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் இடம் காட்டிக்கொண்டே இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே ஆன் செய்தால் அரை மணி நேரம் ஆனாலும் பிடிப்பதில்லை. அதே வீடு, அதே கூரை. எப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சுவர் எவ்வளவு தடுக்கிறது என்பதோடு, கருவி அந்த நேரத்தில் என்ன வேலையில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் பதில்.

இடத்தைக் கணக்கிட ஒவ்வொரு செயற்கைக்கோளும் இப்போது எங்கே இருக்கிறது என்ற துல்லியமான விவரம் வேண்டும். அதைச் செயற்கைக்கோளே அனுப்புகிறது, நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில், 30 நொடிக்கு ஒரு சுற்று. அந்த விவரத்தைத் தப்பில்லாமல் படித்து முடிக்க ஓரளவு பலமான சிக்னல் தடைபடாமல் வர வேண்டும், நடுவில் விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். ஒருமுறை படித்துவிட்டால் நாலு மணி நேரம் போலத் தாங்கும், பிறகு சிக்னலைப் பிடித்துக்கொண்டிருந்தாலே போதும், அதற்கு அதைவிடப் பத்து டெசிபெலுக்கு மேல் பலவீனமான சிக்னல் கூடப் போதும். நீங்கள் வெளியே நின்று அந்தப் படிப்பை முடித்துவிட்டு உள்ளே வந்தீர்கள்.

செல்போன் இந்த விவரத்தை இணையத்திலிருந்து வாங்கிக்கொள்ளும், அதனால்தான் போன் சட்டென்று பிடிக்கிறது, கையடக்கக் கருவி பிடிப்பதில்லை என்று தோன்றுகிறது. இணையம் இல்லாத காட்டில் போனும் கருவி மாதிரியேதான் காத்திருக்கும். கிளம்பும் இடத்தில், பையைக் கட்டுவதற்கு முன்பே கருவியை ஆன் செய்து திறந்த வானத்தின் கீழே இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் வையுங்கள். எந்தக் கவர் வாங்குவது என்று யோசிப்பதை விட இது பல மடங்கு பயன் தரும்.

கேள்வி: உயரமான கட்டிடங்களுக்கு நடுவில் சிக்னல் கம்பிகள் நிறைய காட்டுகின்றன, ஆனால் என்னைப் பக்கத்துத் தெருவில் நிறுத்துகிறது. கருவி பழுதா?

பதில்: பழுதில்லை. சுவர்கள் தடுப்பதோடு நிற்பதில்லை, அலையைத் திருப்பியும் விடுகின்றன. நேர்வழி மறைந்து, எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பிய அலை மட்டும் வந்தால் கருவிக்கு அது நல்ல சிக்னலாகவே தெரியும், ஆனால் பயண தூரம் கூடியிருக்கும். இருபது மீட்டர் தள்ளி ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தால் நாற்பது மீட்டர் வரை கூடுதல் வழி. கருவி அதை உண்மை என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. சிக்னல் இல்லை என்று காட்டும் கருவியை விட இது ஆபத்து, ஏனென்றால் நாமும் நம்பிவிடுவோம்.

எல்5 அலைவரிசையும் வாங்கும் கருவிகள் இதில் தேறும். முன்பு சொன்ன எல்1 குறியீட்டின் 1023 துண்டுகளில் ஒன்று வரும் வழியில் சுமார் 293 மீட்டர் நீளத்துக்குப் பரவியிருக்கும், எல்5இல் அது 29 மீட்டர்தான், அதனால் நேராக வந்ததையும் பட்டு வந்ததையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். 2018 முதல் செல்போன்களிலும் இது வரத் தொடங்கிவிட்டது. உங்கள் கருவியில் இல்லையென்றால் சுவரை ஒட்டி நிற்காமல் தெருச் சந்திப்புக்கு வந்து இடத்தைக் குறியுங்கள்.

கேள்வி: அலுமினியத் தாளைக் குடை மாதிரி அடியில் வைத்தால் சிக்னல் கூடுமா?

பதில்: வேண்டாம். இப்போதுதான் சொன்ன திரும்பிய அலையை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

கேள்வி: பவர் பேங்க், கேமரா பக்கத்தில் இருந்தால்?

பதில்: மறைப்பதை விட இவை போடும் இரைச்சல் பெரிய தொல்லை. மலிவான கார் சார்ஜர், டாஷ் கேமரா, யூஎஸ்பி 3 கேபிள் போன்றவை அருகில் இருந்தால் எல்லாச் செயற்கைக்கோள்களின் எண்ணும் ஒரே நேரத்தில் இறங்கும். ஒரு பொருள் மறைத்தால் ஒரு பக்கத்துச் செயற்கைக்கோள்கள் மட்டும் இறங்கும். இந்த வித்தியாசத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு அடி, இரண்டு அடி தள்ளி வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேள்வி: என்னிடம் இருக்கும் கவரை நானே எப்படிச் சோதிப்பது?

பதில்: திறந்தவெளியில் ஒரு மர ஸ்டூல் மேல் கருவியை வைத்து, எண்கள் நிலைக்கும் வரை விட்டு, உயரத்தில் இருக்கும் நாலைந்து செயற்கைக்கோள்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடத்தையும் திசையையும் மாற்றாமல் கவருக்குள் போட்டுத் திரும்பக் குறியுங்கள், பிறகு கவரை எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை. செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பவை, அதனால் அந்த மூன்றாவது முறை முக்கியம், முதல் எண்களும் மூன்றாவது எண்களும் ஒத்துப்போனால்தான் நடு எண்ணை நம்பலாம். வித்தியாசம் இரண்டு டெசிபெலுக்குள் என்றால் கவரை வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தைத் தாண்டினால் மாற்றுங்கள். சோதிக்கும்போது கருவி மேல் குனிந்து நிற்காதீர்கள், எட்டி நின்று படியுங்கள்.