என்னைத் திருடி என்கிறார் மாமியார்!

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 48 வயது. கும்பகோணத்தில் இருக்கிறோம். தனியார் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பையன் கோவையில் கல்லூரியில் படிக்கிறான். வீட்டில் நான், வீட்டுக்காரர், மாமியார் மூன்று பேர்தான். இந்த மூன்று பேருக்குள்ளேயே எனக்கு மூச்சு முட்டுகிறது.

மாமியாருக்கு 76 வயது. என்னைத் திருடி என்கிறார். ஜாடையாகச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நேராகவே சொல்கிறார். அவருடைய ரெட்டைவடச் சங்கிலியைக் காணோம் என்று போன தை மாதம் வீட்டையே ரெண்டு பண்ணிவிட்டார். பாத்திரம் தேய்க்க வரும் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, என் கைப்பையைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டினார். பஸ் டிக்கெட், தலைவலி மாத்திரை, ஒரு சேஃப்டி பின் அட்டை, இவைதான் விழுந்தன. அப்புறம் ஒரு நாள் உலைக்கு அரிசி எடுக்கும்போது, டிரம்முக்கு அடியில் கைக்குட்டையில் முடிந்தபடி அந்தச் சங்கிலி கிடைத்தது. ஓடிப்போய்க் கொடுத்தேன். “மாட்டிக்குவோம்னு பயந்து அங்க வெச்சியா?” என்றார். ஒரு மனுஷியை இதற்கு மேல் எப்படி அவமானப்படுத்த முடியும்?

சாப்பாட்டு விஷயமும் இப்படித்தான். மூன்று தோசை சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள் திண்ணையில் போய் உட்கார்ந்து, எதிர்வீட்டு மாமியிடம் “எனக்கு இன்னும் ஒண்ணும் போடலை” என்பார். அந்த மாமி என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! நாத்தனார் சென்னையிலிருந்து போன் செய்து “அம்மாவைப் பட்டினி போடறியாமே” என்று கேட்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டுகிறவர் அவர்.

இது இன்றைக்கு நேற்று ஆரம்பித்ததில்லை மேடம். அவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். எனக்குக் கல்யாணமான மறுவருடம் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். பந்தி நடந்துகொண்டிருக்கும்போது என் அப்பா போய்விட்டார் என்று சேதி வந்தது. “பந்தி முடியட்டும், அப்புறம் போகலாம்” என்றார் மாமியார். நான் மன்னார்குடி போய்ச் சேர்ந்தபோது அப்பாவை எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. அதை நான் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. அப்படிப்பட்ட எனக்குத் திருடிப் பட்டம்!

அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை. பால் கணக்கு, மளிகைக் கணக்கு எல்லாம் டைரியில் பைசா பிசகாமல் எழுதியவர். இப்போது வேண்டுமென்றே பால்காரருக்கு இரண்டு தடவை பணத்தைக் கொடுத்துவிட்டு, பர்ஸில் இருந்ததை நான் எடுத்துவிட்டேன் என்கிறார். குடும்பப் பென்ஷன் எடுக்க பாங்குக்குப் போனார். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் நான் ஏதோ செய்துவைத்ததால்தானாம்.

நானும் சும்மா இருப்பதில்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் அவர்கள் முன்னாலேயே, “அத்தை, காலைல என்ன சாப்பிட்டீங்க? சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்பேன். திருதிருவென்று முழிப்பார். பொய் சொல்கிறவர் யார் என்று நாலு பேருக்குத் தெரியட்டுமே.

வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. “வயசானவங்க, விடு” என்பதோடு சரி. பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். எனக்கும் உடம்பு முன்போல இல்லை. மாதவிலக்கு ரெண்டு மாதம் வராது, வந்தால் நிற்காது. நடுராத்திரியில் வேர்த்துக் கொட்டி விழிப்பு வந்துவிடுகிறது. பள்ளியில் பீஸ் கட்ட வந்த ஒருவரிடம் காரணமே இல்லாமல் கத்திவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன்.

அப்படி விழித்துக்கொண்ட ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால், அவர் கூடத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, “சரசு, அப்பா வந்துட்டாரா?” என்றார். சரசு அவருடைய தங்கை. நான் இந்த வீட்டுக்கு வருமுன்பே இறந்துபோனவர். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, என் தலையைக் கோதிவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நானும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரரிடம்கூட இதைச் சொல்லவில்லை. எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை, விடுங்கள். விடிந்ததும் பழையபடி சங்கிலிப் பேச்சுதான்.

பந்தி முடியட்டும் என்று சொன்னவர்தானே, வேறு எப்படி இருப்பார்? இப்படிப்பட்டவர்களோடு எப்படித்தான் குடும்பம் நடத்துவது? அவரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? இல்லை, நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் தனியாக வீடு பார்த்துக்கொள்ளட்டுமா? வீட்டுக்காரரைப் பேசவைக்க ஒரு வழி சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், கும்பகோணம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதலாம்தான். அதற்கு முன், ‘விடுங்கள்’ என்று நீங்களே சொல்லித் தாண்டிப்போன ஒரு ராத்திரி இருக்கிறது. அதை நான் விடுவதாக இல்லை.

76 வயதுப் பெண்மணி ஒருவர் இருட்டில் உட்கார்ந்துகொண்டு, இறந்துபோன தங்கையைப் பெயர் சொல்லி அழைக்கிறார். சங்கிலியை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார். சாப்பிட்டது நினைவில் இல்லை, பால்காரருக்குக் கொடுத்த பணம் நினைவில் இல்லை. வாழ்நாளெல்லாம் போட்ட கையெழுத்து வரவில்லை. இத்தனையையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒவ்வொன்றையும் உங்கள் மேல் வந்து விழுந்த அவமானமாக மட்டும். இதே பட்டியலை ஒரு மருத்துவரிடம் படித்துக் காட்டினால், ‘மறதி நோய்க்குப் பரிசோதித்தீர்களா?’ என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

கடிதத்தைப் படித்து நோயை முடிவுசெய்ய முடியாது, செய்யவும் மாட்டேன். ஆனால் டிமென்ஷியா என்னும் இந்த மறதி நோய் வந்தவர்களின் வீடுகளில் திருட்டுப் பழி மிகவும் பழகிப்போன விஷயம். இந்த வகை நோய்களில் பெரும்பாலும் முதலில் அடிபடுவது, புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்கும் மூளைப் பகுதி. பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு பொருளை ஒளித்துவைக்கிறார். ஒளித்தது பதியவில்லை, பொருள் இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அப்படியானால் யாரோ எடுத்திருக்க வேண்டும். யார் எடுத்திருப்பார்? நாள் முழுக்கக் கூடவே இருப்பவர்தான். சென்னையில் இருக்கும் மகள் மேல் அந்தப் பழி விழவே விழாது, அவர் இங்கே இல்லையே! பழைய ஞாபகங்கள் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. அதனால்தான் எப்போதோ போய்விட்ட சரசு பத்திரமாக இருக்கிறார், அரை மணிக்கு முந்தின தோசை இல்லை.

1901-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவமனைக்கு அகுஸ்ட டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவரைப் பார்த்த மருத்துவர் அல்சைமரின் பெயரைத்தான் டிமென்ஷியாவின் ஒரு வகை இன்று சுமக்கிறது. அந்த அம்மாவிடம் முதலில் தெரிந்த மாற்றம் கணவர் மேல் வந்த சந்தேகம். மறதியெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. உங்கள் தெருவிலேயே இன்னொரு மருமகளும் இதே ‘பட்டினி’ப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இதெல்லாம் உங்களுக்குத் துளிகூடத் தோன்றவில்லை என்று நான் நம்பவில்லை. தோன்றியிருக்கிறது. அதனால்தான் அந்த ராத்திரியை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் ‘ஐயோ பாவம், அவங்களுக்கு உடம்பு சரியில்லை’ என்பார்கள். அவர் நோயாளியாகிவிட்டால் உங்கள் இத்தனை வருட வழக்கு என்ன ஆவது? பந்தியை யாரிடம் போய்க் கேட்பது? ‘ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லாமல் வைத்திருந்தது, என்றைக்காவது அவரே வந்து ‘அன்னிக்கு உன்னை அனுப்பியிருக்கணும்மா’ என்று சொல்லுவார் என்பதற்காகத்தானே? அந்தச் சொல் இனிமேல் வராமலே போகலாம். சொல்ல வேண்டியவருக்கு அப்படி ஒரு நாள் இருந்ததே தெரியாமல் போகலாம். திருடிப் பட்டத்தைவிட இந்தப் பயம்தான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அவர் எல்லாவற்றையும் நல்ல நினைவோடு, வேண்டுமென்றே செய்கிறார் என்பதை இவ்வளவு பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். வேண்டுமென்று செய்கிறவர் என்றைக்காவது வருந்தவும் கூடுமே.

அன்று அவர் செய்தது அநியாயம். அப்போது அவருக்கு 52 வயது இருக்கும், எந்த நோயையும் அதற்குச் சாக்காகச் சொல்ல முடியாது. இப்போது நோய் வந்ததால் பழையதை மறந்துவிடு என்று யார் உபதேசம் செய்தாலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த 52 வயதுக்காரியின் கடனை இந்த 76 வயதுக்காரியிடம் வசூலிக்க முடியாது. இன்னொருவரிடம் கேட்கலாம். அந்தப் பந்தியில் உங்கள் கணவரும் இருந்தாரல்லவா? ‘வா, உடனே போகலாம்’ என்று உங்களை வண்டியில் ஏற்றியிருக்க வேண்டியவர் அவர்தான். கடிதத்தில் அவரைப் பற்றி நாலு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் மேல் இருக்கும் கோபத்தையும் மாமியார் கணக்கிலேயே எழுதி வந்திருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். அவரைப் பேசவைக்க வழி கேட்டீர்கள். முதலில் அந்த ராத்திரி நடந்ததைச் சொல்லுங்கள். அப்புறம் அந்தப் பந்தியைப் பற்றி, அவர் அம்மாவை இழுக்காமல், ‘நீங்கள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். பேப்பரோடு மாடிக்குப் போகிற மனிதர் அம்மாவிடம் எதையோ பார்த்துப் பயந்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

இன்னொரு விஷயம், உங்களுக்கு வலித்தாலும் சொல்ல வேண்டும். வந்தவர்கள் முன்னால் ‘என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பார்ப்போம்’ என்று கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பொய் வெளுத்துவிட்டதால் அவர் முழிக்கிறார் என்று நினைக்கிறீர்கள். தேடித் தேடிப் பார்த்தும் மனதில் ஒன்றும் அகப்படாத ஒருவரும் அப்படித்தான் முழிப்பார். கைப்பையைக் கவிழ்த்தபோது அந்த வேலைக்கார அம்மா முன்னால் உங்களுக்கு எப்படி இருந்ததோ, அதையே அவருக்குத் திருப்பிச் செய்கிறீர்கள். அவர் அனேகமாகத் தெரியாமல் செய்தார். நீங்கள் தெரிந்தே செய்கிறீர்கள்.

உடனே செய்ய வேண்டியது மருத்துவரைப் பார்ப்பது. எல்லா மறதியும் டிமென்ஷியா அல்ல. பி12 சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு, ரத்தத்தில் சோடியம் குறைவது, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், இவையும் வயதானவர்களை இப்படிக் குழப்பும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யவும் முடியும். எப்போதாவது விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் உண்டு. நீங்களும் கூடப் போங்கள், ஆனால் லீவு போட்டு அழைத்துப்போக வேண்டியவர் அவர் மகன். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால், மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறை ஏதாவது காணாமல் போனால் ‘நான் எடுக்கலை’ என்று வாதாடாதீர்கள். ‘வாங்க அத்தை, சேர்ந்து தேடலாம்’ என்று எழுந்துவிடுங்கள். மறுபடி சரசு என்று கூப்பிட்டால் ‘நான் சரசு இல்லை’ என்று திருத்த வேண்டாம், சரசுவாக நடிக்கவும் வேண்டாம். சரசு எப்படி இருப்பார், என்ன விளையாடுவார் என்று கேளுங்கள். அவர் கோதிவிட்டது சரசுவின் தலையைத்தான் என்று தெரிந்தும் நீங்கள் எழுந்து போகவில்லை, பாருங்கள். உங்களிடம் இருக்கும் அந்தப் பொறுமையை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் உடம்பையும் கவனிக்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் முன்னால் வரும் இந்தக் காலம் சில வருடங்கள்கூட நீளும். ராத்திரி வேர்வை, தூக்கமின்மை, சட்டென்று பொங்கும் அழுகை எல்லாம் அதில் சகஜம். ‘வந்தால் நிற்காது’ என்று எழுதியிருப்பதைத் தள்ளிப்போடாமல் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டையும் பார்த்துவிடுங்கள். இதை வைத்து உங்கள் கோபம் முழுவதையும் ஹார்மோன் தலையில் நான் கட்டிவிட மாட்டேன், அதில் பாதி நியாயமான கோபம்.

மாமியாரை நாத்தனார் வீட்டுக்கு இப்போது அனுப்ப வேண்டாம். நினைவு தடுமாறுகிறவர்களுக்குப் பழகிய கூடமும் திண்ணையும் மாறினால் குழப்பம் கூடத்தான் செய்யும். அதற்குப் பதில் நாத்தனார் இங்கே வந்து பத்து நாள் தங்கட்டும். அந்தப் பத்து நாளும் நீங்கள் மன்னார்குடியில் போய் இருங்கள். முன்கூட்டியே அவருக்கு எதையும் சொல்லி எச்சரிக்க வேண்டியதில்லை, நாலாவது நாளே அவரிடமிருந்து போன் வந்துவிடும். அப்போது பழைய பாக்கியைத் தீர்த்துக்கொள்ளாமல், மருத்துவச் செலவிலும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதிலும் அவர் பங்கு என்ன என்று உங்கள் கணவர் பேசட்டும். தனி வீடு பார்ப்பதைப் பற்றி, மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரிந்தபின் எனக்கு எழுதுங்கள்.