வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே, பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு, சின்னக் கொக்கு என்று எப்படிப் பிரிப்பது?

புதிதாக பைனாகுலர் வாங்கியிருப்பீர்கள். "மஞ்சள் அலகு பெரியது, கறுப்பு அலகு சின்னது" என்று யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முதலில் அதை மறந்துவிடுங்கள். என்னை ஏமாற்றியது அதுதான்.

மூன்று வருடம் முன்பு ஜனவரியில் வேடந்தாங்கல் போயிருந்தேன். கூடு கட்டும் காலம். கறுப்பு அலகோடு தெரிந்த ஏழு கொக்குகளைச் சின்னக் கொக்கு என்று எழுதி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூத்தவர் ஒருவர், "கால் விரல் என்ன நிறம், பார்த்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாரே என்று எனக்குச் சுருக்கென்றது. ராத்திரி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளையில் நின்ற கொக்குக்கு விரல்கூடக் கறுப்பு. சின்னக் கொக்கு என்றால் கால் கறுப்பாகவும் பாதம் மட்டும் மஞ்சளாகவும் இருக்கும். படத்தில் இருந்ததற்கோ கண்ணுக்கு முன்னால் பச்சைத் தோல். வாய்ப்பிளவின் கோடு, அதாவது அலகின் அடியிலிருந்து கண் பக்கம் போகும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருந்தது. ஏழும் பெரிய கொக்குதான்! இனப்பெருக்கக் காலத்தில் அதன் மஞ்சள் அலகு கறுத்துவிடும்.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். தலை உருண்டை, அலகும் குட்டை. அதற்கும் கூடு கட்டும்போது அலகு கறுக்கும், அதனால் நிறத்தை நம்பவே வேண்டாம்.

"தண்ணீரில் நிற்கும்போது பாதம் எங்கே தெரியும்?" என்று கேட்பீர்கள், சரிதான். அப்போது இரை தேடும் விதத்தைப் பாருங்கள். சின்னது காலால் சேற்றைக் கலக்கும், குறுக்கும் நெடுக்கும் ஓடும். பெரியது அசையாமல் நின்று குத்தும். இது மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். கடற்கரை ஓரமென்றால் வெள்ளை நிறக் கரைக்கொக்கும் குழப்பும். அதில் எனக்கே இன்னும் தடுமாற்றம் உண்டு.

ஆனால் இதையெல்லாம் பார்க்கக் கொக்கு நின்றால்தானே? பறக்கும் படம் வேண்டுமென்று கரையில் நின்று கைதட்டுகிறார்கள். அன்றும் ஒருவர் தட்டினார். கூட்டில் குஞ்சுகளை வெயிலில் விட்டுவிட்டுத் தாய்ப்பறவைகள் எழும்பின. "வேண்டாம் சார்" என்றதற்கு, "டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்கேன்" என்றார். இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.