வெளியே கருகல், உள்ளே ரப்பர்: ரிப்ஸ் ஏன் இப்படி ஆகிறது?

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். ஜூலை 4 அன்று வீட்டு பேக்யார்டில் 16 பேருக்கு விருந்து. போன முறை பன்றி ரிப்ஸை (விலாக்கறியை) ஒரு மணி நேரம் வேகவைத்து, சாஸ் தடவி, கரி கிரில்லில் சுட்டோம். மேலே கருகிவிட்டது, உள்ளே ரப்பர் மாதிரி இருந்தது. எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாகத் தெரிந்ததால் பாதிப் பேர் பச்சைக்கறி என்று ஒதுக்கிவிட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு 22 இன்ச் கெட்டில் கிரில் (மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பு). இந்த முறை 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். அதை நம்பலாமா? எத்தனை ரேக் (வெட்டிப் பிரிக்காத விலாவரிசை) வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் ரிப்ஸ் வெந்துதான் இருந்தது. இளகுவதற்கு நீங்கள் நேரம் கொடுக்கவில்லை. பன்றிக்கறியின் உள்வெப்பம் 145 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு, இறக்கியபின் மூன்று நிமிடம் ஆறவிட்டால் சாப்பிடலாம் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. நோய் பயத்துக்கு அந்தக் கணக்கு சரி, பல்லுக்குச் சரிப்படாது. விலா எலும்புகளுக்கு நடுவே இருப்பது, பன்றி மூச்சு விடும்போதெல்லாம் வேலை செய்த தசை. அதில் தசையை இறுக்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் நிறைய. அது கரைந்து ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று வரும். அதற்கு உள்வெப்பம் 195 முதல் 203 டிகிரிக்குப் போக வேண்டும், மெதுவாகவும் போக வேண்டும். ஒரு மணி நேரக் கொதியில் கொலாஜன் கரைய ஆரம்பித்திருக்கும், அவ்வளவுதான். கறியின் ருசியில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கி, அதைக் கீழே ஊற்றியும் விட்டீர்கள். பிறகு கனலுக்கு நேர் மேலே வைத்ததும் தசை இறுகியது, சாஸிலிருந்த சர்க்கரை கருகியது. இனி ரிப்ஸை அவிக்காதீர்கள். கடைசிக் கால் மணி நேரம் வரை சாஸ் பாட்டிலைத் திறக்கவும் வேண்டாம்.

இளஞ்சிவப்பு நிறத்தை மட்டும் வைத்துப் பச்சைக்கறி என்று சொல்ல முடியாது. எலும்பை ஒட்டிய சிவப்பு, மஜ்ஜையிலிருந்து கசிந்த நிறமி. இந்த முறை புகை போட்டுச் சமைக்கும்போது மேல்தோலுக்குக் கீழேயும் ஒரு சிவப்பு வளையம் வரும். புகையிலுள்ள வாயுக்கள் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வருவது அது. விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சந்தேகப்படுபவர் முன்னால் தெர்மாமீட்டர் ஊசியை எலும்பில் படாமல் கறியில் குத்திக் காட்டினால் பேச்சு முடிந்தது.

வாங்கும் இடத்துக்கு வருகிறேன். பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். உங்களுக்கு வேண்டியது ‘செயின்ட் லூயிஸ் கட்’. வயிற்றுப் பக்கத்து ஸ்பேர் ரிப்ஸின் ஓரக் குருத்தெலும்பை நீக்கி நீள்சதுரமாக வெட்டியது. ரேக் ஒன்று இரண்டரை முதல் மூன்று பவுண்டு வரும், 11 அல்லது 12 எலும்பு இருக்கும். முதுகெலும்பை ஒட்டிய ‘பேபி பேக்’ சிறியது, கொழுப்புக் குறைவு, விலை அதிகம், சீக்கிரம் வறண்டும் போகும். பழகாத கைக்கு செயின்ட் லூயிஸ் கட்தான் பிழை பொறுக்கும். ‘கன்ட்ரி ஸ்டைல் ரிப்ஸ்’ என்ற பெயரைக் கண்டு ஏமாறாதீர்கள். தோள்பட்டைப் பக்கத்திலிருந்து வெட்டிய கறித்துண்டுக்கு ரிப்ஸ் என்று பெயர் வைத்து விற்கிறார்கள். கொரியக் கடைகளில் எலும்புக்குக் குறுக்கே மெல்லிய பட்டையாக அறுத்து வைத்திருப்பதும் இந்த வேலைக்கு உதவாது. ‘ஃபுல்லி குக்ட்’ என்று அதே ஃபிரிட்ஜில் கிடக்கும் பொட்டலம் ஏற்கெனவே வெந்தது. அதைச் சூடுதான் பண்ணலாம்.

இவற்றையெல்லாம் விட மோசமான பொறி உப்புத் தண்ணீர். பொட்டலத்தில் கறியின் பெயருக்குக் கீழே, ‘12 சதவீதம் வரை கரைசல் கொண்டது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர், உப்பு, சோடியம் ஃபாஸ்பேட் கலந்த கரைசலை ஆலையிலேயே ஊசியால் ஏற்றிவிடுகிறார்கள். ஃபாஸ்பேட் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எடை கூடும். பவுண்டு 4 டாலர் என்றால் மூன்று பவுண்டு ரேக்கில் ஏறத்தாழ ஒன்றேகால் டாலர் உப்புத் தண்ணீருக்குக் கொடுக்கிறீர்கள். ஆறு ரேக்குக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பணத்தை விடுங்கள், கறியே மாறிவிடுகிறது. கடித்தால் ஹாம் மாதிரி வழுக்கும், மேலே உப்பு சேர்த்த ரப் (கறியில் தூவும் மசாலாத்தூள்) போட்டால் வாயில் வைக்க முடியாது. ஊசி போட்ட கறியில் எத்தனை சதவீதம் கரைசல் என்பதைப் பெயரோடு சேர்த்து அச்சிட வேண்டும் என்ற விதி 2016 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகும் பெரிய படத்துக்கும் தள்ளுபடி ஸ்டிக்கருக்கும் நடுவே இந்த வரி கண்ணில் படாமல் போகலாம். ‘ஹார்மோன் சேர்க்காதது’ என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அமெரிக்காவில் பன்றியின் வளர்ச்சிக்கு ஹார்மோன் கொடுக்க அனுமதியே இல்லை. எல்லாப் பன்றிக்கும் பொதுவான ஒன்றைச் சிறப்பு மாதிரி அச்சடிப்பதுதான் இது, அதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

இறைச்சி கவுன்டரில் கேட்பதானால் ‘ஃப்ரெஷ்ஷா?’ என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். ‘கரைசல் ஏற்றியதா? பெட்டி லேபிளைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். மூன்று ரேக் சேர்ந்த வாக்குவம் பொதி வாங்கினால் திருப்பிப் பாருங்கள். மேலே இருப்பது அழகாக இருக்கும், நடுவில் இருப்பதில் கறியை ஒட்டச் சீவி எலும்பு வெள்ளையாகத் தெரியும். அந்த எலும்பு சமைக்கும்போது கழன்று வந்துவிடும்.

கணக்கு இது: வேறு பண்டங்களும் இருந்தால் பெரியவர் ஒருவருக்கு நான்கு எலும்பு. 16 பேருக்கு 64 எலும்பு, அதாவது ஆறு ரேக். உறைந்ததாக இருந்தால் இரண்டு நாள் முன்னதாகவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிடுங்கள்.

முதல் நாள் இரவு எலும்புப் பக்கத்துச் சவ்வை உரியுங்கள். ரேக்கின் ஒரு ஓரத்தில், இரண்டாவது எலும்பின் மேல், முனை மழுங்கிய கத்தியை நுழைத்துக் கிளப்பினால் சவ்வு பிரியும். விரலில் வழுக்கும், அதனால் பேப்பர் டவலால் பிடித்து ஒரே இழுப்பாக இழுங்கள். சில மொத்த விற்பனைக் கடைகளில் இதை உரித்தே விற்கிறார்கள். கத்தி நுழையாமல் கறியையே கிழித்தால் சவ்வு ஏற்கெனவே போய்விட்டது என்று விட்டுவிடுங்கள். ஒரு ரேக்குக்கு ஒன்றரை டீஸ்பூன் தூள் உப்பு தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வைக்கலாம். கரைசல் ஏற்றிய கறிதான் கிடைத்தது என்றால் உப்பே வேண்டாம். காலையில் இரண்டு டேபிள்ஸ்பூன் பழுப்புச் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் பாப்ரிகா, மிளகுத்தூள், பூண்டுத்தூள் ஒவ்வொரு டீஸ்பூன், மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் கலந்து ஒரு ரேக்குக்குத் தூவுங்கள். நடு டெக்சாஸ்காரர்கள் உப்பும் மிளகும் மட்டும்தான் போடுவார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும். கடையில் விற்கும் ரப் வாங்கினால் முதல் பொருள் உப்பா என்று பாருங்கள், பெரும்பாலும் உப்பாகத்தான் இருக்கும். அப்படியானால் இரவு போட்ட உப்பை விட்டுவிட வேண்டும்.

நெருப்பைப் பொறுத்தவரை கறிக்குக் கீழே கனல் இருக்கவே கூடாது. உங்கள் கெட்டிலில் கரி பிரிக்கெட்டுகளை (அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளை) உட்சுவரை ஒட்டி வளைவாக அடுக்குங்கள்: கீழே இரண்டு, மேலே இரண்டு, சுற்றளவில் பாதிக்கு மேல். பாம்பு வளைந்து படுத்த மாதிரி இருக்கும். சிம்னியில் (கரி பற்றவைக்கும் உலோகக் குழாயில்) பத்துப் பன்னிரண்டு பிரிக்கெட்டைச் சாம்பல் பூக்கும்வரை பற்றவைத்து ஒரு முனையில் வையுங்கள். நெருப்பு முனையிலிருந்து முனைக்கு நகரும். எண்ணெய் ஊறவைத்த ‘தீக்குச்சி காட்டினால் போதும்’ ரகக் கரியைத் தொடாதீர்கள். இந்த முறையில் பற்றாத கரி மணிக்கணக்கில் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டே போகும், ஒவ்வொன்றும் மண்ணெண்ணெய் வாடையைக் கறியில் ஏற்றும். வளைவின் முதல் பாதியில் முஷ்டி அளவு மரத்துண்டு மூன்று வையுங்கள். ஓக், ஹிக்கரி, ஆப்பிள் எதுவானாலும் சரி. ஊறவைக்க வேண்டாம், மரத்துக்குள் தண்ணீர் அதிகம் இறங்குவதில்லை, பற்றுவதுதான் தாமதமாகும். நடுவில் ஒரு அலுமினியத் தட்டில் வெந்நீர். மேல் வென்ட்டை (காற்றுத் துளையை) முழுக்கத் திறந்து, அது கறிக்கு நேர் மேலே வரும்படி மூடியைத் திருப்புங்கள். கீழ் வென்ட் கால் பங்கு திறந்தால் போதும், சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் அதை வைத்துத்தான். அடர்ந்த வெள்ளைப் புகை அடங்கி, மெல்லிய நீலமாக வரும்போது கறியை வையுங்கள்.

குறி 250 டிகிரி. மூடியில் பதித்திருக்கும் மீட்டரை நம்ப வேண்டாம். கறி இருப்பது கம்பியில், மீட்டர் இருப்பது கூரையில், இரண்டுக்கும் 25 முதல் 50 டிகிரி வரை வித்தியாசம் வரும். இத்தனை விலைக்கு விற்கும் கிரில்லில் மீட்டரைக் கம்பி மட்டத்தில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கம்பியில் கிளிப் போட்டு மாட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

3-2-1 கணக்கு: மூன்று மணி நேரம் புகை, இரண்டு மணி நேரம் ஃபாயில், ஒரு மணி நேரம் திறந்து சாஸ். 225 டிகிரியில் கனமான ஸ்பேர் ரிப்ஸுக்கு என்று வந்த கணக்கு அது. 250 டிகிரியில் செயின்ட் லூயிஸ் கட்டுக்கு அப்படியே செய்தால் கறி கூழாகும். பேபி பேக்குக்குச் செய்தால் எலும்பு தனியே கழன்று விழும். நீங்கள் மூன்று மணி நேரம் புகை, பிறகு இரட்டை ஃபாயிலில் கறிப் பக்கம் கீழே இருக்க இரண்டு டேபிள்ஸ்பூன் ஆப்பிள் ஜூஸ் விட்டு இறுக்கிச் சுற்றி ஒன்று முதல் ஒன்றேகால் மணி நேரம், கடைசியில் சாஸுக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதையும் கடிகாரம் பார்த்து முடிக்காதீர்கள். ரேக்கின் மூன்றில் ஒரு பங்கை இடுக்கியால் பிடித்துத் தூக்குங்கள். மற்ற முனை நன்றாகத் தொங்கி, மேல்தோல் எலும்புகளுக்கு நடுவே வெடிக்கத் தொடங்கினால் ஆயிற்று. விறைப்பாக நின்றால் இன்னும் இருபது நிமிடம். பிய்ந்து விழுந்தால் தாண்டிவிட்டது. எலும்பு நுனியில் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை கறி ஏறியிருப்பது இன்னொரு அடையாளம். ‘எலும்பை விட்டு விழுந்தால் நல்ல ரிப்ஸ்’ என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டன. போட்டிகளில் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். கடித்த இடம் மட்டும் சுத்தமாக வந்து, பக்கத்துக் கறி எலும்பிலேயே நிற்க வேண்டும்.

ஆறு ரேக் உங்கள் கெட்டிலில் ஒரே நேரத்தில் கொள்ளாது. படுக்கவைத்தால் இரண்டு, ரிப் ஸ்டாண்டில் நிறுத்தினால் மூன்று. அதனால் கிரில்லிலேயே தொடக்கம் முதல் கடைசி வரை என்ற விதியை நீங்கள் மீறத்தான் வேண்டும், வீட்டு ஓவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னாலே கரிப்பிரியர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். ஃபாயிலில் சுற்றியபின் புகை உள்ளே போகாது. அதன்பின் கரியின் சூடும் ஓவன் சூடும் கறிக்கு ஒன்றுதான். மதியம் 2 மணிக்குச் சாப்பாடு என்றால் 6 மணிக்கு முதல் மூன்று ரேக். மணிக்கொருமுறை ஸ்டாண்டைத் திருப்பி வையுங்கள், கனல் பக்கத்து முனை முந்தும். 9 மணிக்குச் சுற்றி, 250 டிகிரி ஓவனில் வையுங்கள். அதே நேரம் கரிப் பாம்பின் வாலில் புதுப் பிரிக்கெட் அடுக்கி, மரத்துண்டு வைத்து, தட்டில் வெந்நீர் நிரப்பி அடுத்த மூன்று ரேக்கை ஏற்றுங்கள். பத்தேகாலுக்கு முதல் செட்டைச் சோதியுங்கள். ஆகியிருந்தால் வெளியே எடுத்து ஃபாயிலைத் திறந்து ஐந்து நிமிடம் ஆவி போகவிடுங்கள். இதைத் தவிர்த்தால் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கும். மறுபடி சுற்றி, டவலில் பொதிந்து, காலி ஐஸ் பெட்டியில் மூடி வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் 140 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நிற்கும், மீட்டர் வயரை உள்ளே விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது செட் 12 மணிக்கு ஓவனுக்குப் போகும், ஒன்றேகாலுக்கு வெளியே வரும். அப்போது கெட்டிலில் கனல் மிச்சம் இருக்கும். இரண்டு இரண்டு ரேக்காக, கனல் இல்லாத பக்கம் வைத்து, சாஸை மெல்லியதாக ஒரு பூச்சு, ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று.

சாப்பாட்டு மேசை வெளியில் இருந்தால் ஒன்று கவனம். டல்லாஸ் ஜூலையில் வெளிவெப்பம் 90 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் சமைத்த கறி மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறையும் ஒரேயடியாக வெட்டி வைக்காமல் இரண்டு ரேக் தீர்ந்தபின் அடுத்த இரண்டை எடுங்கள். மிஞ்சியதை அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஃபாயிலில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து 325 டிகிரி ஓவனில் சூடுபடுத்துங்கள், மைக்ரோவேவ் வேண்டாம்.