கர்ப்ப காலத்தில் தேத்தண்ணியும் கோப்பியும்: எவ்வளவு, எப்போது?

தேத்தண்ணியிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளை இந்தமுறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலானோர் கொழும்பில் வேலைக்குப் போகும் பெண்கள். இரண்டு கேள்விகள் வீட்டாரிடமிருந்து வந்தவை. பலரும் எத்தனை கோப்பை குடிக்கலாம் என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எந்த நேரத்தில் குடிக்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அதைத் தெஹிவளை வாசகிக்கான பதிலில் விரிவாகச் சொல்கிறேன். மற்றவர்களும் அதைத் தவறாமல் வாசியுங்கள்.

வெள்ளவத்தை, 9 கிழமை: ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் கூடாது என்று டொக்டர் சொன்னார். 300 வரை பரவாயில்லை என்கிறார் அக்கா. யார் சொல்வது சரி? கர்ப்பம் என்று தெரியாமல் முதல் மாதம் முழுக்க நாளுக்கு நாலு கோப்பி குடித்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

முதலில் பயத்தை விடுங்கள். கஃபீனால் பிள்ளைக்கு அங்கக் குறைபாடு வரும் என்று நிறுவப்படவில்லை. இன்றிலிருந்து குறைத்தால் போதும்.

இரண்டு எண்களுமே மருத்துவ உலகில் இருப்பவைதான். நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. அக்கா அதைத்தான் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் 300 வரை தாராளமாகக் குடிக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. பிரித்தானியாவில் முன்பு 300 ஆக இருந்த எல்லையை 2008இல் 200க்கு இறக்கினார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் சொன்னதும் 200தான். டொக்டர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே சிரமமில்லாமல் நிற்க முடிந்தால் இன்னும் நல்லது.

கஃபீன் கூடக் கூட, பிள்ளையின் பிறப்பு நிறை குறையும் போக்கு பல ஆய்வுகளில் தெரிகிறது. கருச்சிதைவோடும் தொடர்பு காட்டியிருக்கிறார்கள், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கரு நன்றாக வளரும்போது பெரும்பாலும் குமட்டல் வரும். கோப்பி வாசமே பிடிக்காமல் போய் அந்தப் பெண் தானாகவே நிறுத்திவிடுவார். குமட்டல் இல்லாதவர் தொடர்ந்து குடிப்பார். கோப்பி குடித்ததால் கரு கலைந்ததா, கரு முதலிலேயே சரியாக வளராததால் குமட்டல் வராமல் கோப்பி தொடர்ந்ததா என்று பிறகு பிரித்துச் சொல்வது கடினம். பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என 2020இல் ஒரு மீளாய்வு வாதிட்டது. பல நிபுணர்கள் அதை ஏற்கவில்லை, 200 என்ற எல்லையும் மாறவில்லை. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கருவை இழந்த எத்தனையோ பெண்கள், தாங்கள் குடித்த தேத்தண்ணிதான் காரணம் என்று வருடக்கணக்கில் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். அந்தப் பாரத்தை யாரும் சுமக்க வேண்டாம்.

கொட்டாஞ்சேனை, 16 கிழமை: காலையில் வீட்டில் ஒரு பால் டீ, ஒஃபிஸில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் ஒவ்வொன்று, வீட்டுக்கு வந்ததும் இன்னொன்று. கோப்பி தொடுவதே இல்லை. எனக்கும் கணக்குப் பார்க்க வேண்டுமா? பால் விட்டால் கஃபீன் குறையும்தானே?

பால் விட்டால் கஃபீன் குறையாது. பால் டீக்கு நாங்கள் சாயத்தைக் கடுமையாக வடிப்பதால் கஃபீன் கூடத்தான் செய்யும்.

பிரித்தானிய சுகாதார சேவை தரும் பொதுவான கணக்கு இது: ஒரு மக் தேநீரில் 75 மில்லிகிராம், இன்ஸ்டன்ட் கோப்பியில் 100, வடித்த கோப்பியில் 140, ஒரு கேன் கோலாவில் 40. ஆனால் எங்கள் வீட்டுத் தேத்தண்ணி அவர்களுடைய தேநீர்ப் பை அல்ல. நாளைக் காலையில் கேத்தலில் எத்தனை தேக்கரண்டி தேயிலை போடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 2 கிராம். தேயிலையின் எடையில் 2 முதல் 4 வீதம் வரை கஃபீன் இருக்கும். நாலு கரண்டி போட்டு மூன்று பேருக்கு ஊற்றினால், 3 வீதம் என்று வைத்துக்கொண்டால்கூட, மொத்தம் 240 மில்லிகிராம், ஆளுக்கு 80. எல்லாக் கஃபீனும் தண்ணீரில் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் டஸ்ட் தேயிலை தூளாக இருப்பதால் சீக்கிரம் இறங்கிவிடும், அதை ஊறவும் விட்டால் சொல்லத் தேவையில்லை. அப்படிப் பார்த்தால் கோப்பி தொடாமலேயே நீங்கள் நாளுக்கு 300ஐ எட்டிவிடலாம்.

எதை விடுவது? காலையில் குடிப்பதை விடச் சொல்லமாட்டேன், அதை விட்டவர்கள் இரண்டு நாளில் மீண்டும் நாலுக்கே போய்விடுகிறார்கள். பத்து மணிக்கு உங்கள் மேசைக்கு வருவது வேண்டும் என்று கேட்டு வருகிறதா, வழக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். தேத்தண்ணி கொண்டுவரும் ஐயாவிடம், 'எனக்கு இஞ்சி தட்டிப்போட்ட சுடுதண்ணி மட்டும் தாங்கோ' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த நாளிலிருந்து அதுவே வந்துவிடும். மிச்சக் கோப்பைகளுக்குச் சாயத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். உறவினர் வீட்டுக்குப் போனால் கேட்காமலே நீட்டுவார்கள். அங்கே பாதியோடு வைத்துவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

தெஹிவளை, 24 கிழமை: ஹீமோகுளோபின் 9.6 என்று கிளினிக்கில் சொன்னார்கள். இரும்புக் குளிசை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. நாங்கள் மரக்கறிச் சாப்பாடு. மத்தியானம் சோறு சாப்பிட்ட கையோடு குளிசையைப் போட்டு, ஒரு பிளேன் டீயும் குடிப்பேன். தேத்தண்ணியை விடச் சொல்கிறார் மிஸி. ஒரே ஒரு பிளேன் டீ என்ன செய்துவிடும்?

நிறையச் செய்யும். மிஸி சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

இங்கே பிரச்சினை கஃபீன் இல்லை. தேயிலைக்குத் துவர்ப்பைக் கொடுக்கும் தனின் போன்ற பொருட்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு, குடல் அதை உறிஞ்ச விடாமல் செய்கின்றன. 1983இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை தேநீர் குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 64 வீதம் குறைந்தது; கோப்பி குடித்தபோது 39 வீதம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடித்த கோப்பியால் பாதிப்பு இல்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தபோது பாதிப்பு குறையவே இல்லை. அதனால் சாப்பாட்டுக்கு முன்பு ஒரு மணித்தியாலம், பின்பு இரண்டு மணித்தியாலம் இடைவெளி விடச் சொல்வேன்.

இறைச்சி, மீனில் உள்ள இரும்பை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. பருப்பு, கீரை, கடலை ஆகியவற்றில் உள்ள இரும்பும் குளிசையில் உள்ளதும்தான் மாட்டிக்கொள்கின்றன. நீங்கள் மரக்கறி மட்டும் சாப்பிடுபவர் என்பதால் அந்த ஒரு பிளேன் டீ மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் அதிக நட்டம். கஃபீன் நீக்கிய தேயிலைக்கு மாறியும் பயனில்லை, துவர்ப்பு அதிலும் இருக்கிறது.

இப்படி மாற்றிப் பாருங்கள். குளிசையை இரவு படுக்கப் போகும்போது தண்ணீரோடோ, சீனி குறைந்த தேசிக்காய்ச் சாறோடோ போடுங்கள். கிளினிக்கில் இரும்போடு சேர்த்து வைட்டமின் சி தருவது இரும்பு நன்றாக உறிஞ்சப்படத்தான். இரண்டையும் ஒன்றாக எடுங்கள். கல்சியம் குளிசை இரும்புக்கு இடைஞ்சல், அதை மத்தியானச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். முருங்கையிலை வறைக்கும் பொன்னாங்காணிக்கும் இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள். சாப்பிட்டு முடிய ஒரு துண்டு கொய்யாப்பழமோ தோடம்பழமோ நல்லது. பிளேன் டீயை நாலு மணிக்குத் தள்ளுங்கள், விடவே வேண்டாம்.

கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் பொதுவாக இரத்தசோகை என்று கொள்வார்கள், ஆகவே 9.6ஐச் சும்மா விடக்கூடாது. நேரத்தை மாற்றியும் அடுத்த பரிசோதனையில் ஏறாவிட்டால் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) போன்ற வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

பம்பலப்பிட்டி, 11 கிழமை: கோப்பியை ஒரேயடியாக நிறுத்தினேன். மூன்று நாளாகத் தலையிடி தாங்க முடியவில்லை. பார்மசியில் விற்கும் தலையிடிக் குளிசை போடலாமா?

திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தலையிடி தொடங்கி, ஒரு கிழமைக்கு மேலும் நீடிக்கலாம். இப்போது அரைக் கோப்பை குடியுங்கள், அநேகமாக அடங்கிவிடும். பிறகு இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். குளிசை வேண்டுமென்றால் வெறும் பரசிட்டமோல் மட்டும், குறைந்த அளவில். பரசிட்டமோலோடு கஃபீன் சேர்த்த குளிசைகளும் விற்பனையில் உண்டு, ஒன்றில் 65 மில்லிகிராம் இருக்கலாம். அட்டையைத் திருப்பி வாசித்துவிட்டு வாங்குங்கள். ஐபுபுரோஃபன் வேண்டாம்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: 20 கிழமைக்குப் பிறகு கடும் தலையிடி வந்து, கண் மங்கல், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், மேல்வயிற்று நோவு என்று ஏதாவது சேர்ந்தால், கோப்பியை நிறுத்தியதால் வந்தது என்று காத்திருக்க வேண்டாம். அது இரத்த அழுத்தமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வத்தளை, ஒரு மாமியார்: மருமகள் கோப்பி குடித்தால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுக்கிறேன். தடிமன் வந்தால் கசாயப் பக்கற்றும் கொடுக்கலாமா?

அம்மா, பிள்ளையின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. கோப்பி குடித்துக் கறுப்பதும் இல்லை, குங்குமப்பூ குடித்து வெளுப்பதும் இல்லை. மருமகளிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். மற்றபடி மல்லித் தண்ணி நல்ல யோசனை. சமையலில் போடும் அளவுக்கு மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்தால் தவறில்லை, குமட்டலுக்கும் இஞ்சி கொஞ்சம் இதமாக இருக்கும். ஆனால் கடையில் மல்லிக் கோப்பி என்று வாங்கும் தூளில் கோப்பிக் கொட்டையும் அரைத்திருப்பார்கள், அதில் கஃபீன் உண்டு.

கசாயப் பக்கற்றில் மட்டும் கவனமாக இருங்கள். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கவைக்கக்கூடியது, கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. அதிமதுரமும் அதிகம் ஆகாது. பல கலவைகளில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். டொக்டரிடம் காட்டாமல் கொடுக்க வேண்டாம்.

மருதானை, 20 கிழமை: கிரீன் டீ, மைலோ, சொக்லட், டீகாஃப்?

கிரீன் டீயும் அதே தேயிலைச் செடியிலிருந்துதான் வருகிறது, கணக்கில் சேர்க்கவும். மைலோவிலும் சொக்லட்டிலும் கொஞ்சம்தான், அதற்காக அவற்றை விட வேண்டாம். சீனியைத்தான் பார்க்க வேண்டும். டீகாஃப், அதாவது கஃபீன் நீக்கிய கோப்பியில் கஃபீன் சொற்பம். கர்ப்பகாலச் சலரோகம் உள்ளவர்களுக்கு: ஒரு கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டு நாலு தேத்தண்ணி குடித்தால் எட்டுக் கரண்டி. உங்களுக்குக் கஃபீனைவிட அதுதான் பெரிய பிரச்சினை.

ராஜகிரிய, 14 கிழமை: இரவுச் சிஃப்ட் வேலை. நித்திரை வராமல் இருக்க எனர்ஜி டிரிங்க் குடிப்பேன். ஒரு கேன் பரவாயில்லையா?

வேண்டாம். 250 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் கஃபீன். பெரிய கேனில் அதன் இரட்டிப்பு. அதற்கு மேல் சீனியும், கர்ப்பத்தில் சோதித்துப் பார்க்கப்படாத மற்றச் சேர்க்கைகளும். விழித்திருக்கத்தான் வேண்டுமென்றால் சிஃப்ட் தொடங்கும்போது ஒரு தேத்தண்ணி குடியுங்கள், நடுவில் எதையாவது சாப்பிட்டுக் கொஞ்சம் நடந்து வாருங்கள். பகல் சிஃப்ட் கேட்டு மேலாளருக்கு எழுதுங்கள், டொக்டரிடம் கடிதம் வாங்கி இணையுங்கள். கேட்கத் தயங்குகிறவர்கள் அதிகம், தயங்க வேண்டாம்.

கிருலப்பனை, ஒரு கணவர்: மனைவிக்கு 33 கிழமை. இரவு இரண்டு மணி வரை முழித்துக்கொண்டு இருக்கிறார். பின்னேரம் ஆறு மணிக்கு ஒரு கோப்பி, அவ்வளவுதான். முன்பெல்லாம் அதைக் குடித்துவிட்டு நன்றாகத் தூங்குவாரே?

தம்பி, முன்பு இருந்த உடம்பு இப்போது இல்லை. சாதாரணமாகக் குடித்த கஃபீனில் பாதி வெளியேற ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கல்லீரல் அதை உடைக்கும் வேகம் மிகவும் குறைந்து, அதே பாதிக்கு 15 மணித்தியாலம் வரை போகலாம். ஆறு மணிக்குக் குடித்ததில் பெரும்பகுதி இரவு இரண்டு மணிக்கும் அவருடைய இரத்தத்தில் இருக்கும். அது நச்சுக்கொடியைக் கடந்து பிள்ளைக்கும் போகும். அதை உடைக்கும் நொதி பிள்ளையிடம் இன்னும் போதாது.

கோப்பியை மத்தியானத்துக்கு முன்பு மாற்றிவிடுங்கள். ஆறு மணிக்கு அவருக்குப் பாலோ மல்லித் தண்ணியோ போட்டுக் கொடுத்து, நீங்களும் அதையே குடியுங்கள். பக்கத்தில் ஒருவர் கோப்பி குடிக்கும்போது வாசத்தைச் சகித்துக்கொண்டு இருப்பது லேசான காரியம் இல்லை. நித்திரையின்மைக்கு நெஞ்செரிவு, கால் பிடிப்பு, பிரசவ பயம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரு கிழமையில் மாற்றம் தெரியாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

மட்டக்குளி, 37 கிழமை: பிள்ளை பிறந்தபிறகு பழையபடி குடிக்கலாமா?

தாய்ப்பாலில் போவது சிறிய அளவுதான், ஆனால் புதிதாகப் பிறந்த பிள்ளை அதை வெளியேற்றப் பல நாட்கள் எடுக்கும். முதல் சில மாதங்களுக்கு அதே 200க்குள் நில்லுங்கள். பால் கொடுத்து முடித்த கையோடு குடிப்பது நல்லது. பத்தியச் சாப்பாட்டோடு கோப்பி கொடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அதையும் குளிசை நேரத்திலிருந்து தள்ளி வையுங்கள், பிரசவத்துக்குப் பிறகும் இரும்புக் குளிசை தொடரும். பிள்ளை மாதம் குறைந்து பிறந்தால், வார்டில் இருக்கும்போதே பிள்ளை டொக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.