சினை பார்க்காமல் பருவ ஊசி போடாதீர்கள்

கேள்வி: என் ஜெர்சி கலப்பின மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டு 40 நாள் ஆகிறது. மறுநாளே ரத்தம் வந்தது. போன வாரம் லேசாகக் கத்தியது, பின்புறம் கொஞ்சம் வழும்பும் (சளி போன்ற கசிவு) தெரிந்தது. 'சினை நிற்கவில்லை, ஒரு ஊசி போட்டால் மூணே நாளில் பருவத்துக்கு வரும்' என்கிறார் ஊசி போடுபவர். போடலாமா? (வாசகர், நாமக்கல்)

வேண்டவே வேண்டாம்.

ரத்தத்தை முதலில் மறந்துவிடுங்கள். பருவத்தில் ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்கும்போது கருப்பை உள்சவ்வில் கசிவது அது. சினை பிடித்த மாட்டிலும் வரும், பிடிக்காததிலும் வரும்.

இனி அந்த ஊசி. பருவம் அடங்கி 10, 12 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். அது இருந்த இடத்தில் மஞ்சள் கட்டி ஒன்று வளர்ந்து புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கும். சினையைக் காப்பது அதுதான். கரு தங்காவிட்டால் 16, 17 நாளில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் சுரந்து கட்டியைக் கரைத்துவிடும். 21 நாள் வாக்கில் மாடு மறுபடி கத்தும். அவர் சீசாவில் இருப்பதும் பெரும்பாலும் இதே புரோஸ்டாகிளாண்டின்தான். சினை மாட்டுக்குப் போட்டால் கலைந்துவிடும். மூன்றாம் நாள் பருவம் வரும், 'சொன்னேன்ல' என்பார், அடுத்த ஊசிக்கும் காசு வாங்குவார். 40 நாள் கரு சாணியோடு சாணியாக விழுந்தால் யார் கண்ணில் படப்போகிறது?

அப்புறம் ஏன் கத்தியது என்கிறீர்களா? சினை மாட்டிலும் சூலகத்தில் முட்டைப்பை வளர்வது நிற்பதில்லை. அதில் ஊறும் ஈஸ்ட்ரோஜனால் சில மாடுகள் கத்தும், வழும்பு போடும், பக்கத்து மாட்டின் மேல் ஏறவும் செய்யும். கணக்கைப் பாருங்கள்: நிற்காத மாடு 21இல் கத்தவேண்டும், தவறினால் 42இல். உங்களுடையது 33 வாக்கில் கத்தியிருக்கிறது. அதை நம்பி மறுபடி சினை ஊசி போட்டாலும் ஆபத்துதான். குழாய் கருப்பை வாயின் அடைப்பைக் குத்திக் கிழித்தால் உள்ளே இருப்பது தங்காது.

60ஆம் நாள் கால்நடை மருத்துவரிடம் கையை உள்ளே விட்டுச் சினை பார்க்கச் சொல்லுங்கள். மருந்தகத்துக்குப் போனால் டாக்டர் முகாமுக்குப் போயிருப்பார், எனக்குத் தெரியும். ஒருவர் தலையில் பத்துப் பதினைந்து கிராமத்தைக் கட்டினால் வேறென்ன நடக்கும்? இரண்டு நடை நடந்தாலும் பரவாயில்லை, பார்த்துவிட்டே வாருங்கள். காலி என்று அவர் சொன்னால் அந்த ஊசியை அவரே போடட்டும்.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த மருந்தைத் தொடவே விடாதீர்கள். தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.