ஆயுள் தண்டனை வாங்கியவர் அதற்குள் எப்படி வெளியே வந்தார்?

(நன்னடத்தை அலுவலராகப் பல மாவட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறை விடுதலை பற்றியவை.)

கேள்வி: 2010-ல் நிலத் தகராறில் என் அண்ணனை வெட்டிக் கொன்றார்கள். முதல் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை. 2022 ஆடி மாதம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் அந்த ஆள் நிற்கிறார்! கை கால் எல்லாம் நடுங்கிவிட்டது. ஆயுள் என்றால் சாகும்வரை இல்லையா? எதற்காக விட்டார்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, ஆயுள் என்றால் சாகும்வரைதான். இதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, "சட்டத்தில் ஆயுளுக்கு 20 வருஷக் கணக்கு இருக்கிறது, என் கழிவு நாட்களையும் (ஒழுங்காக இருந்ததற்குத் தண்டனையில் குறைக்கும் நாட்கள்) சேர்த்தால் அது முடிந்துவிட்டது, விடுங்கள்" என்று உச்ச நீதிமன்றம் போனார். அந்த 20 வருஷம், ஆயுளில் பாதி, கால் என்று பின்னக் கணக்குப் போட மட்டும்தான், அரசு குறைத்தாலொழிய மீதி வாழ்நாள் முழுக்க உள்ளேதான் என்று 1961-ல் தீர்ப்பு வந்தது. அதே கோட்சே 1964-ல் அரசு உத்தரவில் வெளியே வந்தார். ஆக, தண்டனை கொடுப்பது கோர்ட், குறைப்பது அரசு. இரண்டும் தனித்தனி அதிகாரம்.

'ஆயுள்னா 14 வருஷம்' என்று ஊரில் சொல்வார்கள். அது 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்த்த 433-ஏ பிரிவிலிருந்து வந்த பேச்சு. மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை 14 வருஷம் முழுசாக உள்ளே இருக்காமல் விடக்கூடாது என்றுதான் அது சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் அது 475-ஆவது பிரிவு. 14-ல் விட்டாக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஒருவரைப் பரிசீலிக்க ஆரம்பிக்கும் வருஷம் அது, அவ்வளவுதான்.

அப்படியானால் உங்கள் ஊர்க்காரர் 14-க்கு முன்னாலேயே எப்படி வந்தார்? அரசியல் சட்டத்தின் 161-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாநில அமைச்சரவை சொல்லி ஆளுநர் கையெழுத்திட்டால் அந்த 14 வருஷக் கட்டு செல்லாது. நம் மாநிலத்தில் தலைவர்கள் பிறந்தநாளுக்கு மொத்தமாக விடுவது இந்த வழியில்தான். 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு 7 வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர் வெளியே வந்தார்கள். 2018-ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 10 வருஷம் முடித்தவர்கள். 2021-ல் அண்ணா பிறந்தநாளையொட்டி 700 பேர் என்று சட்டசபையில் அறிவித்தார்கள். நீங்கள் சொல்லும் வருஷத்தைப் பார்த்தால் அவர் இந்தக் கடைசிப் பட்டியலில் வந்திருக்கலாம்.

எதற்காக விடுகிறார்கள் என்று கேட்டீர்கள். சிறைக்குள் இதற்குச் சொல்லும் காரணம் வேறு, கோர்ட் சொல்லும் காரணம் வேறு. என்னுடன் பழகிய ஒரு கண்காணிப்பாளர் சொல்வார்: "வெளியே போற நாள்னு ஒண்ணு இருந்தாத்தான் சார் உள்ளே அடங்கி இருப்பான். அது இல்லாதவனுக்கு நான் என்ன தண்டனை குடுத்து மிரட்டறது?" கோர்ட் 2000-ல் ஒரு மேற்கு வங்க வழக்கில் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொன்னது. குற்றம் ஒரு ஆளோடு முடிந்ததா, ஊரையே பாதித்ததா? இவர் திரும்பச் செய்வாரா? செய்யும் தெம்பு இன்னும் இருக்கிறதா? இனியும் உள்ளே வைத்து ஏதாவது பிரயோஜனம் உண்டா? குடும்பம் எந்த நிலையில் இருக்கிறது? ஐந்தில் நான்கு, அந்த மனுஷர் இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்பதைச் சுற்றியே வருவதைக் கவனியுங்கள். குற்றம் நடந்த நாளுக்கான விலை தீர்ப்பிலேயே போடப்பட்டுவிட்டது என்பது இதற்குள் இருக்கும் எண்ணம்.

இந்த எண்ணம் எனக்குச் சம்மதம்தான். இருபத்திரண்டு வயதில் அரிவாள் தூக்கியவனை முப்பத்தைந்தில் பார்த்தால் பல சமயம் வேறு ஆளாகத்தான் இருக்கிறான். ஆனால் பிறந்தநாளை வைத்து விடுவது எனக்குப் பிடித்ததில்லை. தேதி முதலில் வந்துவிடும், விசாரணை அதன் பின்னால் ஓடும். இரண்டு வாரத்தில் நாற்பது வீடு போ என்றால் எந்த அலுவலர் உருப்படியாக விசாரிப்பார்?

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கைதியின் வீட்டுக்குப் போவோம், ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவோம், பாதிக்கப்பட்டவர் வீட்டுக்கும் போவோம். போலீஸ் அறிக்கை தனியாகப் போகும். ஆனால் எங்கள் படிவத்தில் கைதியின் வீட்டு நிலைமைக்கு ஒரு பக்கம் இடம் இருந்தது. 'பாதிக்கப்பட்ட தரப்பின் கருத்து' என்பதற்கு இரண்டு வரி.

ஒரு வீட்டில், மகனைப் பறிகொடுத்த அம்மா எனக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் முறத்தில் இருந்த உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம், "வரட்டும் சார். அவனுக்கும் ஆத்தா இருக்கா. ஆனா எங்க தெரு வழியா நடக்கக்கூடாது" என்றார். இதை 'ஆட்சேபணை உண்டு' என்று எழுதுவதா, 'இல்லை' என்று எழுதுவதா? அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அந்த இரண்டு வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'உண்டா, இல்லையா?' என்று திருப்பி அனுப்பினார். 'இல்லை' என்று எழுதினேன். அந்தப் பையன் வெளியே வந்து இரண்டு வருஷம் கழித்து அந்த ஊர்ப் பக்கம் போயிருந்தேன். கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போய் வருகிறான் என்றார்கள். யாராவது சொல்லி அனுப்பினார்களா, தானாகவே அப்படிப் போகிறானா, கேட்கவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். விடுதலை உத்தரவில் தவறு இருந்தால் பாதிக்கப்பட்டவர் கோர்ட்டுக்குப் போகலாம். 2002 குஜராத் கலவரத்தில் பில்கிஸ் பானு என்ற பெண்ணைக் கூட்டு வன்புணர்வு செய்து, அவர் குடும்பத்தாரைக் கொன்ற வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விட்டது. அவர் வழக்குப் போட்டார். விசாரணை மகாராஷ்டிராவில் நடந்ததால் குஜராத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று 2024 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து, இரண்டு வாரத்தில் திரும்பச் சரணடையச் சொன்னது.

கேள்வி: பக்கத்து ஊர் ஆளுக்கு 10 ஆண்டு, 7 ஆண்டு, 3 ஆண்டு, மொத்தம் 20 ஆண்டு சிறை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். எட்டு வருஷத்தில் வந்துவிட்டாரே, பணம் விளையாடியதா?
— ஒரு வாசகர், கடலூர்

பதில்: பணம் வேண்டியதில்லை, கூட்டல் தெரிந்தால் போதும். அதே செய்தியின் கடைசி வரியில் 'தண்டனைகளை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று இருந்திருக்கும். மூன்றும் ஒரே நாளில் ஆரம்பித்துச் சேர்ந்தே ஓடும். ஆக 20 இல்லை, 10. தீர்ப்புக்கு முன் விசாரணைக் கைதியாக இருந்த நாட்களை அதில் கழிப்பார்கள். உள்ளே ஒழுங்காக இருந்து, கொடுத்த வேலையைச் செய்தால் மாதத்துக்குச் சில நாட்கள் கழிவு. இதெல்லாம் சேர்ந்தால் தீர்ப்புத் தேதியிலிருந்து எட்டுக்குள் வந்துவிடும். இதை முன்கூட்டியே விட்டார்கள் என்றே நான் சொல்லமாட்டேன். தலைப்புப் போட்டவர் கூட்டியதால் வந்த வினை.

கேள்வி: சிறையில் பகலை ஒரு நாள், இரவை ஒரு நாள் என்று கணக்கிடுவார்களாமே?
— கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: இல்லை தம்பி. 24 மணி நேரம்தான் ஒரு நாள்.

கேள்வி: 'இரட்டை ஆயுள்' என்று தீர்ப்பு வருகிறதே, ஒரு ஆயுள் முடிந்து இன்னொன்றா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: மனுஷனுக்கு இருப்பது ஒரு ஆயுள். ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்கச் சொல்ல முடியாது என்று 2016-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. அதுவும் நம் தமிழ்நாட்டு வழக்கில்தான். ஆனால் ஓர் ஆயுளுக்கு அரசு கழிவு கொடுத்தாலும் மற்றொன்று நிற்கும், அதனால் அந்தப் பெயருக்கு ஓர் அர்த்தம் உண்டு. ரொம்பக் கொடூரமான வழக்குகளில் 25 வருஷம், 30 வருஷம் கழிவே கிடையாது என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ சேர்த்தே எழுதிவிடுகிறது. 'இரட்டை' என்ற சொல்லைவிட அந்த வரிக்குத்தான் கைதிகள் பயப்படுவார்கள்.

கேள்வி: என் வீட்டுக்காரர் உள்ளே போய் 15 வருஷம் ஆகிறது. யாரிடம் மனு கொடுப்பது? வக்கீல் வைக்கப் பணம் இல்லை.
— பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

பதில்: அம்மா, மனுவைச் சிறைக் கண்காணிப்பாளர் மூலமாகவே கொடுக்கலாம். மனு கொடுக்காவிட்டாலும், மாநிலத்தின் விடுதலைக் கொள்கைப்படி தகுதி வந்தவர்களை அரசே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மறுத்தால் காரணத்தை எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். உயர் நீதிமன்றம் போக அதுதான் பிடி. உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீலை இலவசமாகத் தருவார்கள்.

அப்புறம், நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார். முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் வருவார் என்று நம்பி இருக்காதீர்கள். நான் போனபோது ஒரு வீடு பூட்டியிருந்தது. அந்த அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார். 'முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதினேன், கோப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனது. அவர் திரும்பி வந்தால் எங்கே தங்குவார், என்ன வேலை செய்வார் என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கத்து வீட்டில் உங்கள் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள்.