நோட்டு எழுதும் பெண் பிள்ளைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நம் மொரீஷியஸில், சவான் மாவட்டப் பக்கம் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கிரேட் 4. எட்டுப் பையன்கள், ஏழு பெண்கள், மொத்தம் பதினைந்து பேர். வாரத்தில் ஒரு நாள் பள்ளியின் ஐந்து டேப்லெட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். மூன்று பேருக்கு ஒன்று என்று கொடுக்கிறேன். பையன்கள் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். பெண் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டு எழுதுவதில் சந்தோஷமாக இருக்கிறார்கள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்குவதும் அவர்கள்தான்.

உங்களிடம் கேட்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன. தமிழ் எழுத்துப் பழக எந்தச் செயலி நல்லது? லெசன் என்று தனி டியூஷன் எடுப்பவர்களைப் போல நானும் பாடத்தை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? பிள்ளைகள் வீட்டில் பேசும் கிரியோல் மொழியைத் தமிழ் வகுப்பில் பேசவே கூடாது என்கிறார் மூத்த ஆசிரியர் ஒருவர். அது சரியா?

பெயர் வெளியிட வேண்டாம், அக்கா.

*

அன்புள்ள தங்கைக்கு,

கிரியோல் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பேசுங்கள். ‘குடை’ என்று சொல்லி, ‘பராசோல்’ என்று ஒரு வார்த்தை சேர்த்தால் ஒரு நொடியில் முடியும். அதைத் தமிழிலேயே விளக்குகிறேன் என்று ஐந்து நிமிடம் சைகை காட்டுவதால் யாருக்கும் லாபமில்லை. 2012 முதல் கிரியோலே நம் ஆரம்பப் பள்ளிகளில் ஒரு பாடம். அதற்குத் தடை போட்டால், வீட்டில் தமிழ் தெரிந்த பாட்டி இல்லாத பிள்ளைதான் முதலில் வாயை மூடிக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்காகத்தான் நீங்கள் அந்த வகுப்பில் நிற்கிறீர்கள். பெரியவருக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியாகக்கூட எழுதாத ஒரு வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ‘பெண் பிள்ளைகள் நோட்டு எழுதுவதில் சந்தோஷமாக இருக்கிறார்கள்.’ யாரைக் கேட்டு எழுதினீர்கள்? ஏழு பேரில் ஒருத்தியையாவது கேட்டீர்களா? இந்த நாட்டில் இடைநிலைக் கல்வி இலவசமானது 1977-இல். அதற்கு முன்பு, ஒரு பிள்ளைக்கு மட்டும் கட்டணம் கட்ட வசதியிருந்த வீடுகளில் அந்தக் காசு பெரும்பாலும் பையனுக்குத்தான் போனது. பெண் சந்தோஷமாக வீட்டு வேலை பார்க்கிறாள் என்றுதான் அப்போதும் சொன்னார்கள். படித்த ஆசிரியையான நீங்களும் அதே சொல்லை எடுத்து வைத்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்க் வாங்குகிறார்கள் என்கிறீர்கள். உண்மைதான். ஆரம்பப் பள்ளி முடிவில் வரும் கிரேட் 6 தேர்வில் பையன்களைவிடப் பெண்கள்தான் மேலே நிற்கிறார்கள். ஆனால் அந்தத் தேர்வு கேட்பது உட்கார்ந்து, நினைவில் வைத்து, தாளில் எழுதுவதை. தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்ப்பதையும், நாலு பேர் முன்னால் தப்பாகச் செய்து திருத்திக்கொள்வதையும், ‘இப்போது என் முறை, கொடு’ என்று கேட்பதையும் எந்த விடைத்தாளும் கேட்பதில்லை. மார்க்கைக் காட்டி, இதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது.

பையன்கள் பக்கமும் உங்கள் கணக்கு தப்பு. ஐந்து டேப்லெட்டை எட்டுப் பையன்கள் எப்படிப் பிடிப்பார்கள்? ஒரு நேரத்தில் ஐந்து விரல்தான் திரையில் இருக்க முடியும். ஐந்தும் பையன்களுடையது என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று பையன்கள் மிச்சம். ஏழும் மூன்றும் பத்து. பதினைந்தில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த மூன்று பேர் சத்தம் போடுவதால் அவர்களும் விளையாடுவதாக உங்களுக்குத் தோன்றுகிறது. அவர்கள் யார் என்று இந்த வாரம் பாருங்கள். வீட்டில் டேப்லெட்டோ, கையில் எடுக்க ஒரு போனோ இல்லாதவர்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வீட்டில் தொட்டுப் பழகிய விரல்தான் வகுப்பிலும் முந்திக்கொள்ளும்.

என் சொல்லை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். ஒரு தாளில் பதினைந்து கட்டம் போட்டு, பிள்ளைகள் உட்காரும் வரிசைப்படி பெயர் எழுதுங்கள். நீங்கள் ஒருவரைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. கேட்காமலேயே ஒருவர் கத்திப் பதில் சொன்னால் ஒரு கோடு. பாடம் நடத்திக்கொண்டே இதைச் செய்ய முடியாது, முயன்றால் இரண்டும் கெடும். போனை மேசை இழுப்பறையில் வைத்துக் குரலை மட்டும் பதிவு செய்து, மாலையில் கேட்டுக்கொண்டே புள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பக் கூடாது. ஒரு நாள் கணக்கு தற்செயலாக இருக்கும், மூன்று வகுப்பு எடுங்கள். டேப்லெட் நாளுக்குத் தனித் தாள் வேண்டும். அன்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கி, ஐந்து திரையிலும் யார் விரல் இருக்கிறது என்று பார்த்து அந்தப் பெயரில் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். புள்ளி, கோடு, பெருக்கல் குறி எதுவுமே விழாத கட்டங்கள் சில இருக்கும். அந்தப் பிள்ளைகளின் குரல் எப்படி இருக்கும் என்று உங்களால் நினைவுபடுத்திப் பார்க்க முடிகிறதா என்று பாருங்கள்.

பதிவைக் கேட்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் இப்படித்தான் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். 1970-களில் அவர் எழுதியது இன்றும் நம் வகுப்புக்குப் பொருந்துகிறது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதிலும், கெட்டிக்காரர் என்று நினைத்த பிள்ளைக்கு ஏறக்குறைய இரண்டு நொடி, மந்தம் என்று நினைத்த பிள்ளைக்கு ஒரு நொடிக்கும் குறைவு. அதிக நேரம் வேண்டியவருக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறார்கள், தெரியாமலேயே. மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். உங்கள் பிள்ளை கேள்வியைத் தமிழில் கேட்டு, கிரியோலில் யோசித்து, பதிலைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும். ஐந்து நொடி கொடுங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். முதலில் கேள்வி, பிறகு மௌனம், கடைசியில்தான் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற பதினான்கு பேரும் அந்த நொடியே ஓய்வெடுத்துக்கொள்வார்கள். யாரைக் கூப்பிடுவது என்பதை உங்கள் கண்ணிடம் விடாதீர்கள். ஐஸ் குச்சிகளில் பெயர் எழுதி டப்பாவில் போட்டு எடுங்கள். எடுத்த குச்சியைத் திரும்ப டப்பாவிலேயே போடுங்கள். தனியே வைத்தால், ‘என் முறை முடிந்தது’ என்று பிள்ளை அன்றைக்குக் கடையைக் கட்டிவிடும்.

இனி டேப்லெட். குழு பிரிப்பதிலிருந்து மாற்றுங்கள். இரண்டு பையன்களுக்கு நடுவே ஒரு பெண்ணை உட்கார வைத்தால் அவள்தான் எழுத்தர், அதில் சந்தேகமே வேண்டாம். ஏழையும் எட்டையும் இப்படிப் பிரியுங்கள்: மூன்று பெண்கள் ஒரு குழு, இரண்டு பெண்களும் ஒரு பையனுமாக இரண்டு குழு, மூன்று பையன்களாக இரண்டு குழு. எந்தப் பெண்ணும் தனியாக மாட்டமாட்டாள். பையன்கள் குழுவில், வீட்டில் கருவி உள்ளவனும் இல்லாதவனும் சேர்ந்து இருக்கட்டும்.

ஒரு குழுவில் மூன்று வேலை: நோட்டு, வாய், விரல். வாய் கேள்வியை உரக்கப் படிக்கும். உடனே டேப்லெட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நோட்டு பென்சிலால் பதிலை எழுதும். எழுதி முடித்த பிறகு நிமிர்த்தி, நோட்டில் உள்ளதை மட்டும் விரல் தொடும். எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறும். மூன்று எட்டு இருபத்து நான்கு, கொடுக்கவும் வாங்கவும் ஆறு நிமிடம், ஆக அரை மணி நேரம்.

இதில் என்னென்ன கெட்டுப்போகும் என்றும் சொல்லிவிடுகிறேன். கவிழ்த்து வைக்காவிட்டால் விரல் முந்திவிடும், நோட்டு மறுபடியும் பார்த்து எழுதும் வேலையாகிவிடும். அடுத்தது, தெரிந்த பிள்ளை ‘அங்கே அமுக்கு, இங்கே அமுக்கு’ என்று கட்டளை போடும். அப்போது திரையில் இருப்பது யார் விரலாக இருந்தாலும் படிப்பது அந்தக் கட்டளைக்காரர்தான். விரல் வேலையில் இல்லாதவர்கள் கையை மடியில் வைக்க வேண்டும், வாய் வேலையில் உள்ளவர் தவிர யாரும் பேசக் கூடாது. இன்னொரு தொல்லை, நாலு விடை கொடுக்கும் செயலிகளில் நாலையும் வரிசையாகத் தட்டினால் ஒன்று பச்சையாகியே தீரும். ஒரு கேள்விக்கு ஒரு தட்டுதான். தப்பானால் முதலில் நோட்டில் அழித்துத் திருத்த வேண்டும், பிறகுதான் அடுத்த தட்டு. எந்தக் குழுவிலும் ஒரே பிள்ளை எப்போதும் விரலாக ஆரம்பிக்க விடாதீர்கள். இந்த வாரம் ஜன்னல் பக்கம் இருப்பவர், அடுத்த வாரம் கதவுப் பக்கம்.

முதல் இரண்டு வாரம் சத்தமும் சண்டையுமாக இருக்கும். சில பெண் பிள்ளைகளே ‘வேண்டாம் மிஸ், அவனே செய்யட்டும்’ என்பார்கள். விட்டுக்கொடுத்தால் நல்ல பெண் என்று பெயர் கிடைக்கும் என்பதை வீட்டில் எப்போதோ படித்து முடித்துவிட்டார்கள். திட்டாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். எட்டு நிமிடம் அவளுடையது, அவ்வளவுதான். தொடாமல் உட்கார்ந்திருந்தாலும் மற்றவர் எடுக்கக் கூடாது. மூன்றாவது வாரம் தொடுவாள்.

செயலி எது என்று கேட்டிருந்தீர்கள். எதுவாக இருந்தாலும் பென்சில் முதலில் வர வேண்டும். ‘கொ’ எழுதும்போது கை முதலில் கொம்பு போடுகிறது, பிறகு க, கடைசியில் கால். விசைப்பலகையில் முதலில் க, அப்புறம்தான் ஒகரக் குறி. தட்டியதும் கொம்பும் காலும் தாமே இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கை பழகாமல் விசையில் பழகிய பிள்ளை தாளில் க-வை எழுதிவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் முழிக்கும். எழுத்தின் மேல் விரலால் வரைய வைப்பது நல்லது. ரோமன் எழுத்தில் தட்டித் தமிழ் வரவழைக்கும் விசைப்பலகையை நம் பிள்ளைகளிடம் கொண்டுபோகவே வேண்டாம். பிரெஞ்சிலும் கிரியோலிலும் உ ஓசைக்கு ‘ஓ’, ‘யூ’ என்று இரண்டு எழுத்து போட்டுப் பழகிய பிள்ளை ‘குடை’க்கும் அப்படியே தட்டும், திரையில் வேறு ஏதோ வரும். ஆங்கில எழுத்துமுறை தெரிந்த பெற்றோர் உள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் தப்பித்துக்கொள்ளும்.

வாட்ஸ்அப் வீடியோ வேண்டாம். லெசனுக்குக் காசு கட்டுகிற பிள்ளைக்கு வீடியோ ஏற்கெனவே கிடைக்கிறது, இரண்டாவது வீடியோவும் அதற்கே பயன்படும். ஒரே போன் உள்ள வீட்டில் அது அப்பாவோடு இருட்டிய பிறகுதான் வந்து சேரும். முதலில் அண்ணன் கைக்குப் போகும், பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவளுக்குப் பேட்டரி மிஞ்சாது. 2020-இல் பள்ளி மூடியபோது பாடங்களைத் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பினார்கள். அதில் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் ஒரு பெட்டியை வீட்டில் எல்லாரும் ஒன்றாகப் பார்க்கலாம். அவசியம் என்றால் ஒரு நிமிடக் குரல் பதிவும் ஒரு படமும் அனுப்புங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு எம்பிகூட வராது. வீடியோ பல மடங்கு தின்னும். அனுப்பியதையே மறுநாள் கரும்பலகையில் எழுதுங்கள். பதிலைப் போனில் கேட்காதீர்கள். இரண்டு நீல டிக் விழுந்ததை வருகைப்பதிவாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

வீட்டுப்பாடத்துக்குப் போன் இல்லாத ஒரு வழி: நம் நாட்டுப் பணத்தில் 25 ரூபாய் நோட்டு. அதில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். தெரிந்த எழுத்துகளைச் சுற்றி வட்டம், தெரியாததன் கீழே கோடு. கையில் நோட்டு கிடைக்காத பிள்ளைக்குக் கடைக்காரர் ஒரு நிமிடம் காட்டுவார். 1998-இல் புது நோட்டில் தமிழ், இந்திக்குக் கீழே போய்விட்டது என்று இந்த நாட்டுத் தமிழர்கள் கொதித்து எழுந்ததால் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அப்படிக் காப்பாற்றிய எழுத்தை உங்கள் பதினைந்து பேரும் வாசித்துவிட்டு வரட்டும்.

ஒன்று விட்டுப்போனது. பள்ளி டேப்லெட் என்றால் ஐந்தில் ஒன்றாவது திரை கீறியோ, சார்ஜ் நிற்காமலோ இருக்கும். அது ஒவ்வொரு வாரமும் எந்தக் குழுவுக்குப் போகிறது என்று பாருங்கள். ஐந்துக்கும் எண் ஒட்டி, குழுக்களுக்கும் எண் கொடுத்து, வாரத்துக்கு ஒன்றாக நகர்த்துங்கள். கட்டம் போட்ட தாள்களை மூன்று வாரம் கழித்து எனக்கு அனுப்புங்கள், பிள்ளைகளின் பெயரை மறைத்துவிட்டு.

அன்புடன்,
அக்கா